அழுக்கு மாடும் ஒரு வழுவமைதியும்

மின்சார வாரிய நோட்டீஸ்களில் 'இதுவே இறுதி எச்சரிக்கை' என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். அடுத்த மாதம் இன்னொரு இறுதி எச்சரிக்கை வரும். லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கர்னலைப் பராமரிப்பவர்கள் வெளியிடும் அறிவிப்புகளிலும் இதே போல் ஒரு வரி நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. இந்த வரிசை கர்னலைப் பயன்படுத்தும் அனைவரும் கட்டாயம் புதியதற்கு மாற வேண்டும் என்பதே அந்த வரி. கிட்டத்தட்ட வாராவாரம் வருகிறது. ஒவ்வொரு முறையும் கட்டாயம்தான்.

அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. தங்கள் கர்னல் எங்கே, என்ன வேலையில் ஓடுகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. சூப்பர் கம்ப்யூட்டரில் ஓடுகிறது. தெருமுனைக் கண்காணிப்புக் கேமராவில் ஓடுகிறது. உங்கள் சட்டைப் பையில் ஆண்ட்ராய்டு போன் இருந்தால் அதிலும் ஓடுகிறது. ஆகவே எல்லோருக்கும் கட்டாயம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, உண்மையில் எவ்வளவு அவசரம் என்று முடிவு செய்யும் வேலையை நாசூக்காக நம் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

அந்தத் தலை பெரும்பாலும் ஒரு நடுத்தர அலுவலகத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறது. மாவட்டக் கூட்டுறவு வங்கி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். திருத்தத்தோடு வந்த குறிப்பு, பிழை சிறியது என்கிறது. அபூர்வமான சூழ்நிலையில்தான் தலைகாட்டும் என்கிறது. இன்று ராத்திரியே போட்டுவிடுவதா, மாதக் கடைசிக் கணக்கு முடியட்டும் என்று காத்திருப்பதா, அடுத்து ஏதாவது பெரிய மாற்றம் வரும்போது சேர்த்துக்கொள்வதா?

வருகிற திருத்தத்தையெல்லாம் உடனுக்குடன் போட்டால் என்ன என்று கேட்பவர்களுக்காகக் கர்னலைப் பற்றி ஒரு வார்த்தை. கம்ப்யூட்டரின் இரும்புச் சாமான்களுக்கும் அதில் ஓடும் புரோகிராம்களுக்கும் நடுவே நிற்கும் அதிகாரி அது. நினைவகத்தில் யாருக்கு எவ்வளவு இடம், டிஸ்க்கில் யார் எழுதலாம், யார் படிக்க மட்டும் செய்யலாம் என்பதெல்லாம் அதன் தீர்ப்பு. கடிதம் அடிக்கும் சாஃப்ட்வேரில் பிழை என்றால் அதை மூடித் திறந்தால் போதும். கர்னலில் பிழை என்றால் பொதுவாக மெஷினையே அணைத்து மறுபடி உயிர்ப்பிக்க வேண்டும். ஓடும்போதே ஒட்டுப் போடும் வசதி 2015-ல் லினக்ஸில் வந்தது. ஆனால் எல்லாத் திருத்தங்களுக்கும் அது பொருந்தாது. கவுன்டரில் வரிசை நிற்கும்போது மெஷினை அணைக்க முடியுமா? நானூறு நாளாக நிற்காமல் ஓடிய மெஷின் அணைத்த பிறகு எழுந்திருக்குமா என்ற பயம் வேறு. இந்தப் பயத்தைக் கேலி செய்பவர்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

கம்ப்யூட்டர் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் இத்தகைய பிழைக்கு 'வழு' என்ற இலக்கணச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். மொழிபெயர்ப்பாளர்கள் செய்த நல்ல காரியங்களில் ஒன்று அது. ஏனென்றால் நம் இலக்கணத்தில் வழுவுக்கு ஒரு தம்பியும் உண்டு. பிழைதான், ஆனாலும் காரணம் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளலாம் என்று அனுமதி பெற்ற வழுவுக்கு வழுவமைதி என்று பெயர். பசுவின் மேல் உள்ள பிரியத்தால் ஒருவர் அதைத் தாய் என்று உயர்திணையாக்கி அழைத்தால் இலக்கண ஆசிரியர் பிரம்பைத் தூக்குவதில்லை. உவப்பு காரணம் என்று குறித்துக்கொண்டு மேலே போய்விடுகிறார். 'இப்போதைக்கு இருக்கட்டும்' என்று ஒதுக்கிவைக்கப்படும் ஒவ்வொரு கர்னல் பிழையும் இப்படி அமைதி பெற்ற வழுதான். ஒரே ஒரு வித்தியாசம். இலக்கணத்தில் சொன்ன காரணம் பல நூற்றாண்டுகள் கழித்தும் செல்லுகிறது. கம்ப்யூட்டரில் அது சில வருஷங்களிலேயே காலாவதியாகிவிடுகிறது. பிழை இருந்த இடத்திலேயே இருக்கும். அதைச் சுற்றி உள்ள உலகம் நகர்ந்துவிடும்.

விண்டோஸ் 95-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மெஷினை ஆன் செய்த கணத்திலிருந்து அது ஆயிரத்தில் ஒரு விநாடி வீதம் எண்ணிக்கொண்டே போகும். எண்ணைக் குறித்துவைக்க 32 பிட் இடம்தான் ஒதுக்கியிருந்தார்கள். 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296-ஐ எட்டினால் கணக்கு மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். அதற்கு 49 நாள் 17 மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் சிஸ்டம் உறைந்துபோகலாம். இதற்கான திருத்தம் 1999-ல்தான் வந்தது. நடுவில் நான்கு வருஷம் யாரும் கூச்சல் போடவில்லை. விண்டோஸ் 95 எங்கே 49 நாள் தொடர்ச்சியாக ஓடியது என்பது அப்போது உலவிய ஜோக். சாயந்திரம் ஐந்தரைக்கு ஃபேன், லைட்டோடு கம்ப்யூட்டரையும் அணைத்துவிட்டுக் கிளம்பும் அலுவலகத்தில் இது ஒரு பிழையே இல்லை.

இதே 49 நாள் கணக்கு அமெரிக்காவில் இன்னொரு இடத்தில் இருந்தது. கலிபோர்னியாவின் பாம்டேலில் உள்ள லாஸ் ஏஞ்சலஸ் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையம். விமானிகளோடு ரேடியோவில் பேசும் அமைப்பை இயக்கிய சர்வர்களை யூனிக்ஸிலிருந்து விண்டோஸுக்கு மாற்றியிருந்தார்கள். இடையில் அணைக்காவிட்டால் ஏறத்தாழ 50-வது நாள் அமைப்பு தானாக நின்றுவிடும் என்பது தெரிந்த விஷயம். அதனால் 30 நாளுக்கு ஒரு முறை ஒருவர் கையால் அணைத்து ஆன் செய்ய வேண்டும் என்று விதி வகுத்தார்கள். 2004 செப்டம்பர் 14 அன்று, அந்த வேலையைச் செய்யத் தவறியதன் விளைவு தெரிந்தது. மாலை ஐந்து மணி வாக்கில் ரேடியோ அமைப்பு நின்றது. மாற்று அமைப்பை ஆன் செய்தார்கள். அதுவும் ஒரே நிமிஷத்தில் படுத்துவிட்டது. வானத்தில் 400 விமானங்கள். திரையில் புள்ளிகள் நகர்வதைப் பார்க்க முடிகிறது, பேச முடியவில்லை. மூன்று மணி நேரம் இப்படி. நாடு முழுவதும் 800 விமானப் பயணங்கள் பாதிக்கப்பட்டன. குறைந்தது ஐந்து முறை விமானங்கள் இருக்க வேண்டிய இடைவெளியைத் தாண்டி ஒன்றையொன்று நெருங்கின. மோதல் எதுவும் நடக்கவில்லை.

பிழை சிறியது என்று நினைத்தவர்கள் முட்டாள்கள் அல்ல. எண்ணி ஒன்று நிரம்புகிறது, அவ்வளவுதான். மாதம் ஒரு முறை அணைத்துப் போட்டால் பிரச்சினை இல்லை. ஆனால் 'மாற்று வழி இருக்கிறது' என்று திருத்தத்தைத் தள்ளிப்போடும்போது பிழை குறைவதில்லை. அது மெஷினிலிருந்து ஒரு மனிதரின் ஞாபகத்துக்கு இடம் மாறுகிறது. மனிதர்களுக்கு லீவு உண்டு, டிரான்ஸ்ஃபர் உண்டு. புதிதாக வருபவருக்கு யாராவது சொல்லித் தர வேண்டும்.

இனி மாட்டுக்கு வருவோம்.

லினக்ஸ் கர்னல் நினைவகத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கும். ஒரே தகவல் பத்து புரோகிராம்களுக்குத் தேவை என்றால் பத்துப் பிரதி எடுக்காது. ஒரே பிரதியை எல்லோருக்கும் காட்டும். யாராவது அதில் எழுத முற்பட்டால் அப்போது மட்டும் அவருக்குத் தனிப் பிரதி எடுத்துத் தரும். எழுதும்போது நகலெடு என்ற இந்த ஏற்பாட்டின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்தால் 'கவ்', அதாவது பசு என்று வரும். மாற்றி எழுதப்பட்ட பக்கத்தை அழுக்கானது என்பது அந்தத் தொழிலின் வழக்கு. 2016 அக்டோபரில் அம்பலமான பிழைக்கு 'டர்ட்டி கவ்' என்று பெயர் வைத்தவர்கள் இரண்டையும் சேர்த்துச் சிலேடை செய்தார்கள். தமிழில் அழுக்கு மாடு என்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

சார்பதிவாளர் அலுவலகத்தில் மூலப் பதிவேடு இருக்கிறது. நீங்கள் பார்க்கலாம், பேனா வைக்கக் கூடாது. திருத்தம் எழுதிப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் குமாஸ்தா ஜெராக்ஸ் எடுத்து மேஜையில் வைக்கிறார். 'இவருக்கு ஜெராக்ஸ் கொடுத்தாயிற்று, இனி அனுமதியைச் சரிபார்க்க வேண்டாம்' என்று தன் குறிப்பில் டிக் அடிக்கிறார். அவர் டிக் அடித்த பிறகு, உங்கள் பேனா காகிதத்தைத் தொடுவதற்கு முன், உங்கள் கூட்டாளி அந்த ஜெராக்ஸைக் கிழித்துப் போட்டுவிடுகிறார். குமாஸ்தா மேஜையில் காகிதம் இல்லாததைப் பார்த்துப் பக்கத்தைத் திரும்ப எடுத்து வைக்கிறார். இந்த முறை எடுத்து வைப்பது மூலப் பதிவேடு. அனுமதி சரிபார்க்க வேண்டாம் என்றுதான் குறிப்பில் இருக்கிறதே. உங்கள் பேனா மூலத்தில் எழுதுகிறது. அழுக்கு மாடு இவ்வளவுதான். சாதாரண ஊழியரின் கணக்கில் நுழைந்த ஒருவர், படிக்க மட்டுமே உரிமை உள்ள கோப்பில் எழுதி, மெஷினுக்கே எஜமானர் ஆகிவிடலாம்.

கிழிப்பதும் எழுதுவதும் விநாடியில் மிகச் சிறிய பங்குக்குள் சரியாகப் பொருந்த வேண்டும். ஒரு முறை முயன்றால் நடக்காது. கம்ப்யூட்டரோ லட்சம் முறை முயலச் சலிப்பதில்லை.

இந்தப் பிழையின் ஜாதகம்தான் சுவாரசியம். 2016-ல் இதற்குத் திருத்தம் எழுதியவர் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ். திருத்தம் இருபது வரிகூடத் தேறாது. அதனுடன் அவர் இணைத்த குறிப்பில் ஒரு தகவல் இருந்தது. இது பழைய பிழை, பதினோரு வருஷத்துக்கு முன் தாமே சரிசெய்ய முயன்றது என்கிறார். 2005-ல் அவர் போட்ட திருத்தம் ஐ.பி.எம். நிறுவனத்தின் பெரிய மெயின்ஃப்ரேம் கம்ப்யூட்டர்களில் வேறு தொல்லையைக் கிளப்பியது. ஆகவே அது திரும்பப் பெறப்பட்டது. அந்தக் காலத்தில் இந்தப் பிழை ஏட்டளவில்தான் சாத்தியம். நிஜமான மெயின்ஃப்ரேம்கள் தடுமாறும்போது ஏட்டளவு ஆபத்துக்காக யார் பிடிவாதம் பிடிப்பார்கள்? வழுவுக்கு அமைதி கிடைத்துவிட்டது.

2005-ன் முடிவு 2005-க்குச் சரி என்றே எனக்குப் படுகிறது. பிறகு நடந்ததைத்தான் யாரும் கவனிக்கவில்லை. ஒரே சில்லில் பல பிராசஸர்கள் வந்தன. கர்னலின் நினைவக நிர்வாகமும் பல வேலைகளை ஒரே சமயத்தில் செய்யும்படி மாறியது. கிழிப்பவரும் எழுதுபவரும் உண்மையிலேயே ஒரே கணத்தில் இயங்க முடிந்தது. ஏட்டளவில் இருந்தது எளிதாகக் கைகூடும் காரியமாகிவிட்டது என்று டோர்வால்ட்ஸின் குறிப்பே சொல்கிறது. 2007-க்குப் பிறகு வெளிவந்த லினக்ஸ்களிலெல்லாம் ஓட்டை இருந்தது. இதற்கு நடுவே, 2008-ல், பாதுகாப்புப் பிழைகளைத் தனியாக உயர்த்திப் பிடிப்பது தமக்குப் பிடிக்காது, எல்லாம் பிழைதான் என்று அவரே வாதாடியதும் நடந்தது. வாதம் தப்பில்லை. எது சாதாரணப் பிழை, எது திருடனுக்கு ஏணி என்று முன்கூட்டித் தெரியாது என்பதற்கு அழுக்கு மாட்டை விட நல்ல சாட்சி கிடையாது.

கண்டுபிடித்தவர் ஃபில் ஓஸ்டர் என்ற லினக்ஸ் நிபுணர். அவர் தேடிப் போய்க் கண்டுபிடிக்கவில்லை. தம் சர்வருக்கு வெளியிலிருந்து வருவதையெல்லாம் பதிவு செய்து வைக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. யாரோ உள்ளே நுழைந்து ஒரு புரோகிராமை இறக்கியிருந்தார்கள். அதைப் பிரித்துப் பார்த்தபோது அழுக்கு மாடு உள்ளே இருந்தது. அதாவது திருத்தம் வருவதற்கு முன்பே திருடர்கள் தொழிலைத் தொடங்கிவிட்டார்கள்.

அப்படியும் பல நிறுவனங்களின் தரப் பட்டியலில் இந்தப் பிழை உச்சப் பிரிவில் இடம் பெறவில்லை. ஒரு படி கீழேதான். காரணம் தர்க்கபூர்வமானது. வெளியில் இருப்பவரை இது உள்ளே விடாது. ஏற்கனவே உள்ளே கால் வைத்தவரைத்தான் எஜமானர் ஆக்கும். நமது கூட்டுறவு வங்கி அதிகாரி இந்த வரியைப் படித்துவிட்டு, 'நம் மெஷினில் நம் ஆட்கள் நாலு பேர்தானே' என்று நிம்மதியாகத் தள்ளிப்போடலாம். மெஷின் பூட்டிய அறையில், வெளியுலகத் தொடர்பு இல்லாமல் இருந்தால் அது நியாயமான முடிவு. அதே மெஷினில் வங்கியின் வெப்சைட்டும் ஓடி, அதில் போட்டோ ஏற்றும் வசதி ஒன்று ஓட்டையாக இருந்தால்? அந்த ஓட்டைக்குச் சிறியது என்று மதிப்பெண், இந்த ஓட்டைக்கும் கொஞ்சம் பெரியது என்று மதிப்பெண். இரண்டும் சேர்ந்தால் வாசல் கதவு திறந்து கிடக்கிறது. தரப் பட்டியல்கள் பிழைகளைத் தனித்தனியே எடை போடுகின்றன. திருடர் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி ஏறுகிறார். நூறு மாணவர்கள் வந்து போகும் கல்லூரி லேபில் 'உள்ளே கால் வைத்தவர்' என்பதற்கு என்ன பொருள் என்று யோசித்தாலே போதும், அன்று ராத்திரியே திருத்தம் போடத் தோன்றும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, அவசரத்தின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2024 ஜூலை 19 நினைவிருக்கலாம். கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு சாஃப்ட்வேருக்கு ஒரு புதிய தகவல் கோப்பை அனுப்பியது. அது விண்டோஸின் கர்னலுக்குள் இருந்து ஓடும் சாஃப்ட்வேர் என்பதால் கோப்பில் இருந்த கோளாறு மெஷினையே சாய்த்தது. சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றன. ஹைதராபாத் விமான நிலையத்தில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் வாங்கியவர்கள் அதைப் படம் எடுத்துப் போட்டார்கள். ஒரே நேரத்தில் எல்லோருக்கும் அனுப்பாமல் முதலில் சிலருக்கு மட்டும் அனுப்பிப் பார்த்திருந்தால் இவ்வளவு நடந்திருக்காது. அழுக்கு மாட்டின் திருத்தத்துக்கும் ஒரு பின்கதை உண்டு. பெரிய அளவு நினைவகப் பக்கங்களைக் கையாளும் இடத்தில் அந்தத் திருத்தத்திலேயே ஒரு சந்து இருந்தது என்று 2017 நவம்பரில் தெரியவந்தது. அதற்கு இன்னொரு திருத்தம்.

பிழைகளுக்கு உலகளவில் வரிசை எண் தரும் முறை ஒன்று இருக்கிறது. 2024 பிப்ரவரியிலிருந்து லினக்ஸ் கர்னல் குழு தன் பிழைகளுக்குத் தானே அந்த எண்ணைத் தர ஆரம்பித்தது. கர்னல் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பதால் எந்தப் பிழையும் ஆபத்தாகலாம் என்பது அவர்கள் வாதம். எனவே தாராளமாக எண் தருகிறார்கள், வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில். எவ்வளவு தீவிரம் என்று மார்க் மட்டும் போடுவதில்லை. உபயோகம் தெரியாமல் மார்க் போட முடியாது என்கிறார்கள். நேர்மையான பதில்தான். ஆனால் அந்த ஆயிரத்தையும் படிக்க வேண்டியவர் மாதச் சம்பளத்தில் பிரிண்டரையும் பழுது பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எனவே அவர் செய்யக்கூடியது பிழையின் குறிப்பை மட்டும் படிக்காமல் தன் மெஷினையும் படிப்பது. திருத்தப்படும் பகுதி நம்மிடம் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. நம்மிடம் இல்லாத வைஃபை கார்டின் டிரைவர் பிழைக்காக வங்கியை நிறுத்த வேண்டியதில்லை. கர்னல் பிழைகளில் கணிசமானவை இப்படி ஏதோ ஒரு டிரைவரைச் சேர்ந்தவை. அடுத்து, இதை யாராவது ஏற்கனவே பயன்படுத்துகிறார்களா? இதற்கு விடை சொல்ல அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2021 நவம்பரில் ஒரு பட்டியலைத் தொடங்கியது. உண்மையில் தாக்குதலுக்குப் பயன்பட்ட ஓட்டைகள் மட்டும் அதில் சேரும். பிழையின் மதிப்பெண்ணை விட அந்தப் பட்டியலில் பெயர் இருப்பது பெரிய தகவல். அழுக்கு மாடு அதில் இருக்கிறது.

தள்ளிப்போடுவதாக முடிவெடுத்தால், எதை நம்பித் தள்ளிப்போட்டோம் என்று ஒரு வரி எழுதிவைக்கச் சொல்வேன். 'இந்த மெஷினில் வெளியாட்கள் யாரும் இல்லை' என்று தேதியோடு. ஆறு மாதம் கழித்து அதே மெஷினில் வெப்சைட் ஏற்றலாம் என்று மேனேஜர் சொல்லும்போது அந்த வரியை எடுத்துப் பார்க்க ஆள் இருப்பார். 2005-ல் திரும்பப் பெறப்பட்ட திருத்தத்துக்கு அப்படி ஒரு மறுபார்வைத் தேதி இருந்திருந்தால் பதினோரு வருஷம் ஆகியிருக்காது என்று நினைக்கிறேன். நிரூபிக்க முடியாது.

இதுவரை பேசியது முடிவெடுக்க ஓர் ஆள் இருக்கும் மெஷின்களைப் பற்றி. போன்களின் கதை வேறு. அழுக்கு மாட்டுக்கான திருத்தத்தை 2016 முடிவதற்குள் கூகுள் ஆண்ட்ராய்டுக்கான தன் மாதாந்தர அறிக்கையில் சேர்த்துவிட்டது. அதைப் போனுக்குக் கொண்டுசேர்க்க வேண்டியது போனைத் தயாரித்த கம்பெனி. மலிவு விலைப் போன்கள் பலவற்றுக்கு அது போய்ச் சேரவே இல்லை. 2017 செப்டம்பரில் டிரெண்ட் மைக்ரோ நிறுவனம் இந்த ஓட்டையைப் பயன்படுத்தும் ஆண்ட்ராய்டு வைரஸ் ஒன்றைக் கண்டுபிடித்தது. விளையாட்டு, படம் என்று வேஷம் போட்ட 1,200-க்கு மேற்பட்ட ஆப்கள். 40-க்கு மேற்பட்ட நாடுகளில் பரவியிருந்தது. பாதிக்கப்பட்டவர்கள் அதிகம் இருந்த நாடுகள் இரண்டு, சீனாவும் இந்தியாவும். சீனாவில் அது எஸ்.எம்.எஸ். கட்டணம் வழியாகச் சிறு தொகைகளைக் கறந்தது, கவனத்தில் படாத அளவுக்கு. அந்த வழி சீன போன் கம்பெனிகளோடு மட்டும் பொருந்தியதால் நம் ஊரில் பணம் போகவில்லை. பின்கதவு மட்டும் திறந்து வைக்கப்பட்டது.

உங்கள் போனின் செட்டிங்ஸில் போனைப் பற்றிய தகவல்கள் உள்ள பகுதிக்குப் போனால், பாதுகாப்புத் திருத்தம் கடைசியாக வந்த தேதி தெரியும். இப்போது கையில் இருக்கும் போனில் அது அண்மைத் தேதியாக இருக்கலாம். அலமாரியில் கிடந்து, பேரப்பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுக்கப்பட்ட பழைய போனில் பாருங்கள். 2016-க்கு முந்தைய தேதி இருந்தால், அதில் வங்கிக் கணக்கு ஆப் எதுவும் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் இன்றே அழித்துவிடுங்கள்.